ஜிசிக்கு ஹீலியமா, ஹைட்ரஜனா?

மருந்துப் பொருளில் மெத்தனால், அசிட்டோன், டொலுயீன் போன்ற கரைப்பான்கள் எவ்வளவு தங்கியிருக்கின்றன என்று ஹெட்ஸ்பேஸ் ஜிசியில் (மாதிரியைச் சூடாக்கி, எழும் ஆவியை எடுத்து, அதிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃபி கருவி) பார்ப்பது எங்கள் வேலை. போன வருடம், அந்த ஆவியைக் கருவிக்குள் சுமந்து செல்லும் கேரியர் கேஸை ஹீலியத்திலிருந்து ஹைட்ரஜனுக்கு மாற்றினோம். திரும்பிப் போகும் எண்ணம் இல்லை.

மூன்றாவதாக நைட்ரஜனும் உண்டு; மலிவு, தீப்பற்றாதது. ஆனால் மெதுவாக ஓட்டினால்தான் பீக்குகள் (ஒவ்வொரு பொருளுக்கும் வரைபடத்தில் எழும் முகடுகள்) ஒழுங்காகப் பிரியும். மாதிரிக் குப்பிகள் வரிசையில் காத்திருக்கும் இடத்துக்கு அது சரிப்படாது. ஹைட்ரஜனை நொடிக்கு 40 செ.மீ. வேகத்தில் விட்டாலும் பிரிப்பு கெடுவதில்லை. ஹீலியம் இரண்டுக்கும் நடுவில்.

வேகத்தை விட எங்களை மாற வைத்தது சிலிண்டர்தான். பிரிப்பு நடக்கும் மெல்லிய குழாயான கேபிலரிக்குள் போவது நிமிடத்துக்கு ஓரிரு மி.லி.; மீதி ஸ்ப்ளிட் என்ற பக்கவழியே வெளியேறிவிடும். மொத்தம் 100 மி.லி. என்று வையுங்கள், 7 கன மீட்டர் சிலிண்டர் 48 நாளில் காலி. ஹீலியமோ இயற்கை எரிவாயுவிலிருந்து பிரித்தெடுப்பது, நமக்கு இறக்குமதிச் சரக்கு. கத்தாரிலோ அமெரிக்காவிலோ உற்பத்தி தடைப்பட்டால் இங்கே சிலிண்டர் வராது. இரண்டு வாரம் மெஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். பேட்ச்கள் ரிலீஸ் ஆகாமல் தேங்கின. இப்போது ஜெனரேட்டர் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தருகிறது. பொருளைச் சுடரில் எரித்து அளக்கும் டிடெக்டரான எஃப்ஐடியின் சுடருக்கும் அதே வாயுதான். பராமரிப்பு என்றால் டீஅயனைஸ்டு தண்ணீர் நிரப்புவது, ஈரம் உறிஞ்சும் கார்ட்ரிட்ஜை மாற்றுவது, அவ்வளவே. தண்ணீரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். உப்பு கலந்த தண்ணீர் உள்ளே தண்ணீரைப் பிரிக்கும் செல்லைக் கெடுத்துவிடும்.

தீப்பிடிக்காதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பிடிக்கும், பயம் நியாயமானதே. ஆனால் நிரம்பிய சிலிண்டரைப் போல ஜெனரேட்டர் ஆயிரக்கணக்கான லிட்டரைத் தேக்கி வைப்பதில்லை. ஸ்ப்ளிட் வென்ட்டை எக்ஸாஸ்டில் இணையுங்கள். கேபிலரி இருக்கும் ஓவனுக்குள் ஹைட்ரஜன் சென்சார் வையுங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் மாறவே வேண்டாம்.

ஹீலியத்துக்கு என்று சில இடங்கள் உண்டு. அது எதோடும் வினைபுரியாது. டைகுளோரோமீத்தேனைக் கரைப்பானாக வைத்துச் சூடான இன்லெட்டில் (மாதிரி நுழையும் இடம்) நேரடியாகச் செலுத்தும்போது ஹைட்ரஜன் இருந்தால் அமிலம் உருவாக வாய்ப்புண்டு. அப்புறம், கேஸை மாற்றினால் ரிட்டென்ஷன் டைம் (ஒவ்வொரு பொருளும் வெளிவரும் நேரம்) எல்லாம் நகரும். மெத்தடை மறுபடி வேலிடேட் செய்ய வேண்டும், அதாவது அது சரியாக அளக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். அந்த வேலையைக் குறைத்து எடைபோடாதீர்கள்.

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இணைத்த ஜிசி-எம்எஸ்ஸில் நான் ஹைட்ரஜன் ஓட்டியதில்லை. நான் சொன்னதெல்லாம் எஃப்ஐடி அனுபவம். எம்எஸ் பக்கம் இன்றும் ஒரு ஹீலியம் சிலிண்டர் சங்கிலியோடு நிற்கிறது.