செல்லை டிஸ்சார்ஜ் செய்ய எது சரி: எஸ்எம்யுவா, எலக்ட்ரானிக் லோடா?

2600 எம்ஏஎச் 18650 லித்தியம் செல் ஒன்றின் கொள்ளளவை அளக்க, 520 மில்லி ஆம்பியர் வீதம் சுமார் 5 மணி நேரம் கரண்ட் இழுக்க வேண்டும். கீத்லி 2450 எஸ்எம்யுவும் (சோர்ஸ் மெஷர் யூனிட்: கரண்ட்டைக் கொடுக்கவும் இழுக்கவும், கூடவே அளக்கவும் செய்யும் கருவி) இதைச் செய்யும், ரைகால் டிஎல்3021 எலக்ட்ரானிக் லோடும் (கரண்ட்டை இழுக்க மட்டுமே செய்யும் கருவி) செய்யும். செல் தீர்ந்த பிறகு இரண்டும் என்ன செய்கின்றன என்பதில்தான் பெரிய வித்தியாசம்.

லோடுக்கு உள்ளே இருப்பவை மாஸ்ஃபெட்கள் எனும் டிரான்சிஸ்டர்கள். செல் தரும் சக்தியை வெப்பமாக்க மட்டுமே அவற்றால் முடியும். வோல்டேஜ் சுழியத்தைத் தொட்டால் இழுக்க ஒன்றும் இருக்காது. எஸ்எம்யு அப்படியல்ல. கரண்ட் சோர்ஸில், அதாவது கரண்ட்டை நாம் நிர்ணயிக்கும் முறையில், -0.52 ஆம்பியர் (மைனஸ் என்றால் செல்லிலிருந்து இழுப்பது) என்று கொடுத்தால், செல் தீர்ந்த பிறகும் தன் சக்தியிலேயே அந்தக் கரண்ட்டை ஓட்டும். செல் மைனஸ் வோல்டேஜுக்குப் போய்க் கெட்டுவிடும்.

இதைத் தடுக்க வோல்டேஜ் லிமிட்டை 3 வோல்ட்டில் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கவே கூடாது. கரண்ட் சோர்ஸில் லிமிட் எப்போதும் செல்லின் வோல்டேஜுக்கு மேலே இருக்க வேண்டும். 4.2 வோல்ட் செல்லை 3 வோல்ட் லிமிட்டில் மாட்டினால், எஸ்எம்யு செல்லை உடனே 3 வோல்ட்டுக்கு இறக்கப் பார்க்கும். நீங்கள் கொடுத்த 0.52 ஆம்பியர் அங்கே எடுபடாது.

சரியான வழி வோல்டேஜ் சோர்ஸ்தான், அதாவது கரண்ட்டுக்குப் பதில் வோல்டேஜை நிர்ணயிக்கும் முறை. சோர்ஸ் 3.0 வோல்ட், கரண்ட் லிமிட் 520 மில்லி ஆம்பியர். செல்லின் வோல்டேஜ் அதைவிட அதிகம் என்பதால் கரண்ட் லிமிட்டிலேயே நிற்கும். செல் 3.0 வோல்ட்டைத் தொட்டதும் கரண்ட் தானாகக் குறையும். அந்த நொடியிலேயே எம்ஏஎச் கணக்கை நிறுத்திவிடுங்கள்; குறைந்துகொண்டே போகும் கரண்ட்டையும் கூட்டினால் லோடில் எடுத்த அளவோடு பொருந்தாது.

அவுட்புட்டை ஆஃப் செய்தால் வேலை முடிந்தது என்று நம்ப வேண்டாம். 2450இன் வழக்கமான ஆஃப் நிலை சுழிய வோல்ட் சோர்ஸ். செல் மாட்டியிருந்தால் எஸ்எம்யு வழியே அது வடிந்துகொண்டே இருக்கும். தொடங்கும் முன்பே ஆஃப் நிலையை ஹை இம்பீடன்ஸுக்கு மாற்றுங்கள்; அப்போதுதான் ரிலே திறந்து செல்லின் இணைப்பைத் துண்டிக்கும்.

எந்தக் கருவியானாலும் 4 வயர் சென்ஸ் வேண்டும்: கரண்ட்டுக்கு இரண்டு வயர், செல்லின் முனையிலேயே வோல்டேஜை அளக்கத் தனியாக இரண்டு வயர். இல்லையென்றால், வயர்களின் மொத்த ரெசிஸ்டன்ஸ் 0.1 ஓம் என்றாலே 52 மில்லி வோல்ட் குறைத்துக் காட்டும், டெஸ்ட் முன்கூட்டியே நின்றுவிடும்.

அதே செல்லை 1சி வீதத்தில், அதாவது ஒரு மணி நேரத்தில் தீர்க்கும் 2.6 ஆம்பியரில் சோதிக்க 2450 போதாது. 10 வாட் அளவுதான், அதன் 20 வாட்டுக்குள் அடங்கும். ஆனால் கரண்ட் 1 ஆம்பியரோடு நின்றுவிடும். 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், திடீர் லோடு மாற்றம், கான்ஸ்டன்ட் பவர், கான்ஸ்டன்ட் ரெசிஸ்டன்ஸ் எல்லாம் லோடின் வேலை. டிஎல்3021 150 வோல்ட், 40 ஆம்பியர், 200 வாட் வரை தாங்கும். எஸ்எம்யுவில் கான்ஸ்டன்ட் பவர் வேண்டுமானால் வோல்டேஜை அளந்து கரண்ட்டைத் திருத்திக்கொண்டே இருக்கும் ஸ்கிரிப்ட் எழுத வேண்டும். வேகமாக மாறும் சர்க்யூட்டுக்கு அது ஈடுகொடுக்காது. லோடில் துருவம் மாற்றி மாட்டினால் மாஸ்ஃபெட்டுக்கு உள்ளேயே இருக்கும் பாடி டையோடு வழியே கரண்ட் கட்டுப்பாடின்றிப் பாயலாம். செல்லுக்கு ஃபியூஸ் போடுங்கள்.

சின்ன சிலிக்கான் சோலார் செல்லுக்கு எஸ்எம்யுதான் என் தேர்வு. அதன் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜே 0.6 வோல்ட் அளவுதான். ஷார்ட் சர்க்யூட் கரண்ட்டை அளக்க செல்லின் முனையில் சரியாக சுழிய வோல்ட் இருக்க வேண்டும். மாஸ்ஃபெட்டிலும் வயரிலும் விழும் வோல்டேஜால் லோடு அங்கே போய்ச் சேராது. எஸ்எம்யு சுழியத்தைத் தாண்டி -0.1 வோல்ட் வரைகூட ஸ்வீப் செய்யும், அதாவது வோல்டேஜைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போகும். செல்லைக் கெடுத்த அதே குணம் இங்கே தேவைப்படுகிறது.