ஊருக்குப் போனபோது பல் கட்டிய கதை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகிற விடுமுறையில் பல் வேலையையும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சொத்தை அடைப்பது, பல் சுத்தம் செய்வது, கேப் போடுவது வரைக்கும் அந்த நினைப்பு சரிதான். பல் கட்டுவது, அதாவது விழுந்த பல்லுக்குப் பதிலாகக் கழற்றி மாட்டுகிற செட் செய்துகொள்வது, வேறு மாதிரி. ஈறுக்கு நம் டிக்கெட் தேதி தெரியாது. இந்த முறை அம்மாவுக்கு மேலும் கீழும் முழு செட், எனக்குக் கீழ்த்தாடையில் ஒரு பக்கம் பின்பற்களுக்குப் பாதி செட் என்று இரண்டு வேலை ஒன்றாக நடந்தது. செலவைப் பற்றி எழுதப் போவதில்லை. அது இடத்துக்கு இடம் மாறும். வேலை எப்படி நடக்கிறது, நேரம் எங்கே போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு வெகுநாள் முன்பே போனில் விசாரித்தேன். ஓர் இடத்தில், "வாங்க சார், ஆடுற பல்லை எல்லாம் எடுத்துட்டு அதே வாரத்துல செட் மாட்டி அனுப்பிடலாம்" என்றார்கள். அப்படிச் செய்ய முடியாது என்றில்லை. பல் பிடுங்கின அன்றே மாட்டுகிற செட் என்று ஒன்று உண்டு. பல் இல்லாமல் ஒரு நாள்கூட வெளியே தலைகாட்ட முடியாதவர்களுக்கு அது உதவும். ஆனால் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு கரைவது முதல் சில மாதங்களில்தான் மிக அதிகம். அன்று கச்சிதமாக உட்கார்ந்த செட் கொஞ்ச நாளில் தொளதொளத்துவிடும். உள்பக்கம் புதிதாகப் பூசி இறுக்க வேண்டும். செட் செய்கிற லேபில் இதை ரீலைன் என்பார்கள். அதற்கான நேரம் வரும்போது நாம் திரும்பி வந்து வேலையில் மூழ்கியிருப்போம்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தெடுத்த டாக்டர், செயற்கைப் பல் பொருத்துவதையே மேற்படிப்பாகப் படித்தவர், என்னைவிட ரொம்ப இளையவர். அம்மாவுக்கு மிச்சமிருந்த சில பற்களை நான் வருவதற்குப் பல மாதம் முன்பே எடுத்துவிடச் சொன்னார். எடுப்பதற்கு முன் அவர் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்தது: "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களாம்மா? எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரை, ஊசி ஏதாவது?" எலும்பைப் பலப்படுத்தத் தரும் சில மருந்துகள், பல் பிடுங்கிய பிறகு தாடை எலும்பை ஆறவிடாமல் செய்துவிடக்கூடும். வயதானவர்களைப் பல் எடுக்க அழைத்துப் போகிறவர்கள், யாரும் கேட்காவிட்டாலும் மருந்துச் சீட்டை எடுத்து நீட்டிவிடுங்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் ஈறு நன்றாக ஆறியிருந்தது. வந்த களைப்புப் போவதற்குள் முதல் அளவு எடுத்தாயிற்று. அந்த அளவு எடுப்பது கடற்பாசியிலிருந்து செய்யும் ஒரு மாவில். தண்ணீர் விட்டுக் குழைத்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் இறுகிவிடும். எல்லோரும் நினைப்பதுபோல அதோடு அளவு முடிந்துவிடுவதில்லை. அது வெறும் உத்தேச அளவு. அதை வைத்து அம்மாவின் வாய்க்கென்றே தனியாக ஒரு தட்டு செய்து, அதன் ஓரத்தில் பச்சை நிறக் குச்சி ஒன்றைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டுகிறார்கள். சூடு பொறுக்கிற அளவுக்கு ஆறியதும் வாயில் வைத்து, "உதட்டைக் குவிங்கம்மா, கன்னத்தை உப்புங்க, நாக்கை வெளிய நீட்டுங்க" என்று ஒவ்வொன்றாகச் செய்யச் சொன்னார். தசைகள் அசையும்போது எந்த இடம்வரை செட்டின் ஓரம் போகலாம் என்பதை அந்தப் பச்சைக் குச்சி பதிவு செய்துகொள்கிறது. இதைச் சரியாகச் செய்யாவிட்டால் வாயைத் திறந்தாலே செட் எழும்பும்.

அப்புறம் அம்மாவை "ஆ..." என்று சொல்லச் சொல்லி, மேலண்ணத்தில் எங்கே அசைவு தொடங்குகிறது என்று பார்த்து, அழியாத பென்சிலால் ஒரு கோடு போட்டார். மேல் செட்டின் பின் ஓரம் அந்தக் கோட்டில்தான் முடிய வேண்டுமாம். அதைத் தாண்டினால் குமட்டும். முன்னாலேயே நின்றுவிட்டால் காற்று புகுந்து பிடிமானம் போய்விடும்.

அடுத்த முறை மெழுகு. ரோஸ் நிற மெழுகை லாட வடிவில் வைத்து மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் இடையே எவ்வளவு உயரம் என்று பார்க்கிறார்கள். மூக்கு நுனியிலும் தாடையிலும் ஒரு புள்ளி வைத்து, "அம்மா" என்று சொல்லி அப்படியே வாயைத் தளர்த்தச் சொல்லி, இரண்டு புள்ளிக்கும் நடுவே அளந்தார். பல் கடிக்கும்போது அந்த உயரம் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். உயரம் கூடினால் பேசும்போது பல்லும் பல்லும் இடிக்கும், தாடை வலிக்கும். குறைந்தால் வாய் ஒட்டிப்போய் முகத்தில் பத்து வயது கூடிவிடும். பல்செட் போட்ட சிலரைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறதே, பாதி காரணம் இந்த அளவுதான்.

மெழுகில் பல் அடுக்கி மாட்டிப் பார்க்கிற நாளை மட்டும் யாரும் அவசரப்படுத்தக் கூடாது. மாற்றுவதாக இருந்தால் அன்றைக்குத்தான் சுலபம். நிறம் பார்க்கிற பட்டையில் 16 நிறங்கள் இருந்தன. டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்காரவைத்துப் பார்த்தார். "டாக்டரம்மா, ரொம்ப வெள்ளையா வேண்டாம். கட்டுன பல்லுன்னு தெரியக் கூடாது" என்றார் அம்மா. ஒரு முன்பல்லை இம்மியளவு திருப்பிவைக்கவும் சொன்னார்; அவருடைய சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது. பிறகு ஆங்கிலத்தில் எண்ணச் சொன்னார்கள். "ஃபிஃப்டி ஃபைவ்" என்னும்போது மேல் முன்பல்லின் நுனி கீழ் உதட்டை மெல்லத் தொட வேண்டும். "சிக்ஸ்டி சிக்ஸ்" என்னும்போது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நெருங்கி வர வேண்டும், ஆனால் முட்டக் கூடாது. பல்லும் வார்த்தையும் எவ்வளவு நெருங்கியவை என்று அங்கே உட்கார்ந்துதான் எனக்கு உறைத்தது.

இதெல்லாம் முடிந்துதான் லேபில் மெழுகை எடுத்துவிட்டு அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக்கை நிரப்புகிறார்கள். 1930களின் கடைசியில் இந்தப் பொருள் வருவதற்கு முன் கெட்டிப்படுத்திய ரப்பரில்தான் செட் செய்தார்கள். பொறுமையாகச் செய்கிற லேப், 74 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் எட்டொன்பது மணி நேரம் வைத்து இறுக்கும். அவசரப்படுத்தி இதைச் சுருக்கினால் உள்ளே சின்னச் சின்னக் குமிழிகள் நின்றுவிடலாம், இறுகாமல் மிஞ்சும் ரசாயனம் ஈறை எரிக்கலாம். "நாளைக்கே வேணும்" என்று லேபை நெருக்குபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

செட் கைக்கு வந்த நாளில் மேல் செட் நன்றாகப் பிடித்தது. நனைந்த இரண்டு கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்கிற மாதிரி, எச்சிலின் மெல்லிய படலம்தான் அதைப் பிடித்துவைக்கிறது. கீழ் செட்தான் தகராறு. அதற்கு ஒட்டிக்கொள்ளப் பரப்பு குறைவு, நடுவில் நாக்கு வேறு. போதாக்குறைக்குக் கீழ்த்தாடை எலும்பு வேகமாகக் கரைகிறது: முழு செட் போட்டவர்களை 25 ஆண்டு காலத்துக்குப் பின்தொடர்ந்து ஆன்ட்யே டால்கிரென் 1972இல் வெளியிட்ட ஆய்வில், முன்பக்கத்தில் கீழ்த்தாடை மேல்தாடையைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு தேய்ந்திருந்தது. அதனால்தான் கீழே முழுக்கப் பல் இல்லாதவர்களுக்கு இரண்டு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் பதிக்கிற திருகு, வைத்து அதன்மேல் செட்டைப் பொருத்துவதே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் சொன்னார்கள். டாக்டர் இதையும் சொல்லிவிட்டு, "எலும்போட அது ஒட்டிப்பிடிக்கச் சில மாசம் ஆகும், நீங்க இருக்கிற லீவுக்குள்ள முடியாது" என்றார். அம்மா ஊரிலேயே இருப்பவர், பின்னால் வேண்டுமானால் செய்துகொள்ளலாம் என்று விட்டோம்.

இப்போது முக்கியமான விஷயம். செட் கைக்கு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கணக்குப் போடாதீர்கள், பாதிதான் முடிந்திருக்கிறது. மறுநாளே அம்மாவுக்குக் கீழே இடது பக்கம் சிவந்து கன்றிவிட்டது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. வாய்க்குள் புதிதாக வந்ததைச் சாப்பாடு என்று நினைத்துக்கொள்வதால் அப்படி ஆகிறதாம், சில நாளில் அடங்கிவிடும். கன்றிய இடத்துக்கு, செட்டின் உள்பக்கம் வெள்ளைப் பசையைத் தடவி வாயில் அழுத்தி எடுத்தார்கள். எங்கே பசை விலகி ரோஸ் நிறம் தெரிகிறதோ அங்கேதான் அழுத்தம். அதை மட்டும் நூலளவு தேய்த்துவிட்டு மறுபடி பார்த்தார்கள். வலிக்கிறது என்று செட்டைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுப் போனால் சிவப்பு மறைந்துவிடும், டாக்டருக்கு எங்கே தேய்ப்பது என்று தெரியாது. போவதற்கு முன் சில மணி நேரமாவது மாட்டியிருக்க வேண்டும். வீட்டில் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கிற வீரர்கள் நம் குடும்பங்களில் உண்டு, தயவுசெய்து வேண்டாம்.

இந்தத் திருத்தம் ஒன்றிரண்டு தடவையில் முடியாது. மென்று பழகவே ஒன்றரை இரண்டு மாதம் ஆகும், பழகிய பிறகும் சொந்தப் பல்லின் கடிவிசையில் கால்வாசி அளவுதான் கிடைக்கும். முன்பல்லால் கடித்து இழுக்காமல், சின்னச் சின்னத் துண்டாக இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும். அம்மா பேப்பரைச் சத்தமாக வாசித்துப் பேச்சைச் சரிசெய்துகொண்டார். வீட்டில் எல்லோருக்கும் இலவசச் செய்தி வாசிப்பு.

என் கதை சுருக்கம். பாதி செட்டை முழுக்க அக்ரிலிக்கிலும் செய்யலாம், வளைகிற நைலானிலும் செய்யலாம், கோபால்ட் குரோமியம் உலோகச் சட்டத்திலும் செய்யலாம். நைலான் மாட்டிக்கொள்ளச் சுகம், கொக்கி வெளியே தெரியாது. ஆனால் அதை ரீலைன் செய்வதும் ரிப்பேர் பார்ப்பதும் கஷ்டம். நான் வேறு நாட்டில் இருப்பவன், எங்கேயும் கைவைக்கக் கூடியதாக இருக்கட்டும் என்று உலோகத்தைக் கேட்டேன். அதற்குப் பக்கத்துப் பல்லில் எனாமலில் சின்னக் குழி எடுப்பார்கள். செட்டின் கால் அதில் உட்கார்ந்துகொள்ளும். பின்னால் தாங்கப் பல் இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கால் மிகவும் அவசியம், இல்லாவிட்டால் கடிக்கக் கடிக்கச் செட் ஈறில் இறங்கும்.

பராமரிப்பில் பலர் சறுக்குவது இரண்டு இடத்தில். ஒன்று, கொதிக்கும் தண்ணீர், அக்ரிலிக் வளைந்துவிடும். இன்னொன்று பற்பசை, அதன் நரநரப்பு செட்டில் கீறல் போட்டு அழுக்கைத் தங்கவைக்கும். மென்மையான பிரஷ்ஷும் பாத்திரம் கழுவுகிற திரவச் சோப்பும் போதும். உலோகச் செட்டை பிளீச்சிங் கலந்த கரைசலில் போடக் கூடாது, அரித்துவிடும். இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு ஈறுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். மாட்டியபடியே தூங்கினால் அண்ணத்தில் பூஞ்சைத் தொற்று வந்து சிவந்துபோகலாம். செட் லூசானால் ஒட்டுப் பசையைக் குழாய் குழாயாக அப்பாமல் டாக்டரிடம் காட்டுங்கள். துத்தநாகம் கலந்த பசையை வருஷக்கணக்கில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தியவர்களுக்கு உடம்பில் தாமிரச்சத்து குறைந்து நரம்பு பாதித்ததும் நடந்திருக்கிறது.

கிளம்புவதற்கு முன் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்: என்ன உலோகம், என்ன அக்ரிலிக், பல்லின் நிற எண், எந்தெந்தப் பல்லில் கொக்கி. தாடை முழுவதற்குமான எக்ஸ்ரே போனில் இருந்தது. செட்டைக் கைப்பையில் வைக்காமல் வாயிலேயே போட்டுக்கொண்டு விமானம் ஏறினேன். அம்மாவுக்கு நான் வந்த பிறகும் கீழ் செட்டில் இன்னும் ஓர் இடம் உறுத்தியிருக்கிறது. தானே ஆட்டோ பிடித்துப் போய்த் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு இங்கே ஒரு கொக்கி தளர்ந்தது. யாரோ செய்த செட்டைத் தொட இங்குள்ள பல் டாக்டர் முதலில் தயங்கினார். தாளைக் காட்டினேன். உலோகத்தின் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு, இடுக்கியை எடுத்துக் கொக்கியை இறுக்கிக் கொடுத்தார்.