ஆன்சோனியாவா, குஸ்தாவ் பெக்கரா? ஸ்பிரிங் அறுந்தபோது தெரிந்த வித்தியாசம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையின் உள்சுவரில் இரண்டு பழைய சுவர்க்கடிகாரங்கள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. ஒன்று அமெரிக்க ஆன்சோனியா: எட்டுப் பட்டை மரச்சட்டம், அதன் கீழே பெண்டுலம் தெரிய ஒரு சின்னக் கண்ணாடிக் கதவு. மற்றது ஜெர்மனியின் குஸ்தாவ் பெக்கர்: இடுப்புயர நீளப் பெட்டி, உச்சியில் மரச்செதுக்கு, வெள்ளைப் பீங்கான் டயல். இரண்டுமே ஒருமுறை சாவி கொடுத்தால் எட்டு நாள் ஓடுபவை, இரண்டுமே மணி அடிப்பவை. நானும் அத்தானும் ஒன்றாகத்தான் போயிருந்தோம். அவர் பெக்கரை எடுத்தார், நான் ஆன்சோனியாவை எடுத்தேன். ஏழு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டையும் திறந்து பார்த்தாகிவிட்டது, இரண்டுக்கும் மருத்துவம் பார்த்தாகிவிட்டது. இன்று அதே சுவருக்கு முன்னால் நின்றாலும் நான் ஆன்சோனியாவைத்தான் எடுப்பேன். ஏன் என்பதை எழுதத்தான் இது.

முதலில் பெக்கருக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். அழகில் அது ஒரு படி மேல், இதில் வாதமே இல்லை. மணியோசையிலும் அப்படித்தான். அதன் சுருள்கம்பியில் சுத்தியல் விழும்போது எழும் ஆழ்ந்த நாதம் அக்கா வீட்டுக் கூடம் முழுக்க நிற்கும். என் வீட்டு ஓசை அதன் பக்கத்தில் மெலிந்ததுதான். நேரம் காட்டுவதிலும் பெக்கரே முந்துகிறது. அது வாரத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தவறுவதில்லை. என்னுடையது சாவி கொடுத்த முதல் இரண்டு நாள் முந்தி ஓடும், கடைசி இரண்டு நாள் தளர்ந்து நடக்கும், வாரக் கடைசியில் மூன்று நிமிடம்வரை பிசகியிருக்கும். வெயிலில் பெண்டுலக் கம்பி நீள்வதால்தான் இப்படி என்று பலர் சொல்வார்கள். எஃகுக் கம்பிக்கு ஒரு டிகிரி வெப்பம் ஏறினால் நாளுக்கு ஏறக்குறைய அரை விநாடிதான் குறையும். மார்கழிக்கும் சித்திரைக்கும் பத்து டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு ஐந்து விநாடி. காரணம் ஸ்பிரிங்கில்தான் இருக்கிறது. இறுக்கம் குறையக் குறையத் தள்ளும் விசையும் குறைகிறது. எடை குறைந்த பெண்டுலம் அந்த மாற்றத்தைத் தாங்குவதில்லை. பெக்கரின் கனத்த பெண்டுலம் தாங்கிக்கொள்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் ஆன்சோனியா? அந்த ஸ்பிரிங்கினால்தான்.

அமெரிக்கத் தொழிற்சாலைக் கடிகாரங்களில் ஸ்பிரிங் வெட்ட வெளியில் இருக்கிறது. இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே, எந்த மூடியும் இல்லாமல், உள்முனை சாவி அச்சில் கொக்கியிட்டு, வெளிமுனை வளையமாக மடிந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டிருக்கும். டயலைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்தால் துருவும் தெரியும், காய்ந்த எண்ணெயும் தெரியும். ஜெர்மன் கடிகாரத்தில் அதே ஸ்பிரிங் ஒரு பித்தளை டப்பாவுக்குள் அடைந்துகிடக்கும். பேரல் என்று சொல்வது அதைத்தான். அந்த டப்பாவின் விளிம்பில்தான் பற்கள் இருக்கின்றன, டப்பாவே முதல் சக்கரம். வடிவமைப்பில் இதுதான் நேர்த்தியானது. தூசு உள்ளே போகாது, எண்ணெய் நீண்டநாள் நிற்கும். கடிகாரம் புதிதாக இருந்த காலத்தில் ஜெர்மன் முறையே சிறந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. நாம் வாங்குவதோ நூறு வயதான கடிகாரம். நூறு வயதான ஸ்பிரிங் ஒருநாள் அறும் என்று தெரிந்தே வாங்குகிறோம்.

என்னுடையது மூன்றாம் ஆண்டில் அறுந்தது. ஞாயிறு காலை சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது, கைக்குள்ளேயே ஒரு உதறல். மதுரையில் ஒரு சந்துக்குள் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். "தம்பி, சாவியை இறக்காமல் எந்தத் திருகாணியிலும் கை வைத்துவிடாதீர்கள்" என்பதுதான் அவர் முதலில் சொன்னது. அறுந்தது முட்களை ஓட்டும் நேரப் பக்கத்து ஸ்பிரிங். மணி அடிக்கும் பக்கத்தில் இன்னொன்று முழு இறுக்கத்தில் இருந்தது. அதற்கு மீதியிருந்த சாவியையும் கொடுத்து, சுருண்டு குறுகிய ஸ்பிரிங்கின்மேல் வாய் திறந்த ஒரு இரும்பு வளையத்தை மாட்டினார். பிறகு சாவி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சின்னக் கொக்கியைத் திருப்புளி நுனியால் விலக்கி, இறுகப் பிடித்த சாவியை அரைச்சுற்று அரைச்சுற்றாக விட்டுக்கொடுத்தார். வளையத்துக்குள் ஸ்பிரிங் அடங்கியதும் கையை எடுத்தார். தகட்டைத் திறக்க அதற்குப் பிறகுதான் போனார்.

அறுந்த ஸ்பிரிங் தூணைப் பிடிக்கும் வெளிமுனையில் கிழிந்திருந்தது. அந்த நுனியை மட்டும் சிவக்கக் காய்ச்சி, தானாக ஆறவிட்டு, மென்மையான இரும்பைப் புது வளையமாக மடித்து ரிவெட் அடித்தார். ஒரு விரல் நீளம் குறைந்தது, அவ்வளவுதான். மறுநாள் கடிகாரம் என் கையில் இருந்தது. நடுவில் அறுந்திருந்தால் புது ஸ்பிரிங்தான் போட வேண்டும் என்றார். அதுவும் கவலைக்குரியதல்ல. எட்டு நாள் அமெரிக்கக் கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்பிரிங்கின் அகலம் முக்கால் அங்குலம். அந்த அளவில் இன்றும் புதிதாகச் செய்கிறார்கள். சுற்றி டப்பா இல்லாததால் நீளம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் அது ஏற்றுக்கொள்ளும்.

அத்தானின் பெக்கர் அதற்கடுத்த ஆண்டு அறுந்தது. இரவு பதினொரு மணிக்குக் கூடத்தில் ஏதோ விழுந்ததுபோல் சத்தம் கேட்டதாக அக்கா சொன்னாள். இறுகியிருந்த ஸ்பிரிங் டப்பாவுக்குள் நடுவில் அறுந்தால், டப்பா சட்டென்று எதிர்த்திசையில் உதறும். அந்த உதறல் முழுவதையும் டப்பாவின் பற்களும் அடுத்த சக்கரத்தின் அச்சும்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று பற்கள் போயிருந்தன, அச்சின் நுனி வளைந்திருந்தது. சரி, புது ஸ்பிரிங் போடலாம் என்றால், அகலம், தடிமன், நீளம் மூன்றும் அந்த டப்பாவின் உள்விட்டத்தோடு பொருந்த வேண்டும். தடிமன் கூடினால் சுற்றுகள் குறைந்து எட்டு நாள் ஓடாது. நீளம் கூடினால் டப்பா நிறைந்துபோய் ஸ்பிரிங் அவிழ இடமிருக்காது. இந்த அளவுக்கு ஒரு ஸ்பிரிங்கைத் தேடிப் பிடிக்கவும், பற்கள் போன இடத்தை அறுத்துப் புதுப் பித்தளை வைத்துப் பற்றவைத்து அரத்தால் பல் வடிக்கவும் ஐந்து மாதம் ஆனது. அதே பெரியவர்தான், அதே கைதான். வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யக்கூடிய கைகள் மதுரையில் எத்தனை மிச்சம் இருக்கின்றன?

ஒன்றைக் கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. ஸ்பிரிங் நடுவில் அறுந்திருந்தால் என் கடிகாரத்திலும் பல் போயிருக்கலாம், அவிழ்ந்த சுருள் பக்கத்துச் சக்கரத்தை அடித்திருக்கலாம். அமெரிக்கக் கடிகாரங்களின் தடுப்புக் கொக்கி பலவீனமானது. அதன் ரிவெட் தளர்ந்து ஒருநாள் தெறித்தால், சாவி கொடுப்பவர் விரலைப் பதம்பார்த்துவிடும். அப்படித் தெறித்த இரண்டு கடிகாரங்களை அந்தப் பெரியவர் கடையிலேயே பார்த்திருக்கிறேன். நான் வாங்கியவுடன் கொக்கியின் ரிவெட்டை மாற்றச் சொன்னதும் அதனால்தான். ஆக என் தீர்ப்பு இரண்டே கடிகாரங்களையும் ஒரு கடையின் வேலைமேசையையும் பார்த்துச் சொல்வது. ஐம்பது கடிகாரங்களைத் திறந்தவர் வேறு மாதிரிச் சொல்லக்கூடும்.

ஸ்பிரிங்கைத் தாண்டியும் பழுதுபார்ப்பதில் அமெரிக்கக் கடிகாரம்தான் இசைந்து கொடுக்கிறது. அதன் சின்னச் சக்கரங்கள் கடைந்தெடுத்த எஃகு அல்ல, இரண்டு பித்தளை வில்லைகளுக்கு நடுவே ஊசி ஊசியாகக் கம்பிகளைச் செருகிய கூண்டுபோல இருக்கும். ஒரு கம்பி தேய்ந்தால் அதை மட்டும் உருவிவிட்டு அதே தடிமனில் வேறொன்றைச் செருகலாம். பெக்கரில் இருப்பது பல் வெட்டிய எஃகு. நெடுங்காலம் தேயாது, தேய்ந்தால் புதிதாக வெட்ட வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு: நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய். ஓடாத கடிகாரத்தில் இரண்டு சொட்டு விட்டால் ஓடும் என்று தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்திருக்கிறோம். சில நாள் ஓடவும் செய்யும். மார்கழிக் குளிரில் உறையும் எண்ணெய் அது. ஆண்டுகள் போகப் போகப் பச்சைப் பிசினாக மாறி, தூசைப் பிடித்து வைத்து, பித்தளைத் தகட்டின் துளைகளை அரைத்து நீள்வட்டமாக்கிவிடும். அக்கா வீட்டுப் பெக்கரில் அந்தப் பச்சைப் பிசினைத் தீக்குச்சி நுனியால் சுரண்டி எடுத்தோம். இன்னொரு பழைய பாவம், தேய்ந்த துளையைச் சுற்றி ஆணியால் வட்டமாகக் குத்தி உலோகத்தை உள்ளே நெருக்கிவிடுவது. அந்தக் குத்துப் புள்ளிகளைப் பின்தகட்டில் பார்த்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். துளையைச் சீராகக் கடைந்து புது புஷ், அதாவது சின்னப் பித்தளைக் குழல், அடிப்பதுதான் சரியான வேலை. கடிகார எண்ணெய் அச்சு நுழையும் துளைகளுக்கு மட்டும், ஊசி முனையளவு போதும். பற்களுக்கு எண்ணெய் வேண்டாம்.

மணி அடிப்பதில் வேறு கதை. என் ஆன்சோனியாவில் ஒரு சக்கரத்தின் விளிம்பில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இடைவெளி விட்டு வெட்டுகள் இருக்கின்றன. ஒரு மணி அடித்தால் அடுத்தது இரண்டுதான், முள் எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. அரை மணிக்கு ஒன்று சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் 90 அடி, நாளுக்கு 180. அந்த வரிசை பிசகினால் நான்கு மணிக்கு ஏழு அடிக்கும். அப்போது கதவைத் திறந்து உள்ளே தொங்கும் கம்பியை விரலால் மேலே தள்ளித் தள்ளிச் சரியான எண்ணிக்கைக்குக் கொண்டுவருவேன். அத்தானின் கடிகாரம் மணி முள்ளின் இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடிப்பதால் இந்தத் தொல்லை அதற்கு இல்லை. எனக்கு இது ஒரு நிமிட வேலை.

பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஷ்ராம்பெர்க் நகரில் 1861-இல் தொடங்கிய ஜங்ஹான்ஸ் நிறுவனம் அமெரிக்கத் தொழிற்சாலை முறையைப் பார்த்துத்தான் வளர்ந்தது. அதன் கடிகாரங்களிலும் வெளியே தெரியும் ஸ்பிரிங் கொண்டவை உண்டு. பெக்கரிலேயே எடைக்கற்களால் ஓடும் வகை இருக்கிறது. ஸ்பிரிங்கே இல்லாத அந்த வகை கைக்கெட்டும் விலையில் கிடைத்தால் நான் இதுவரை சொன்ன எதுவும் அதற்குப் பொருந்தாது, யோசிக்காமல் வாங்குங்கள். ஜப்பானின் செய்கோஷா சுவர்க்கடிகாரங்களில் ஒன்றை மட்டும் திறந்து பார்த்திருக்கிறேன். அமெரிக்க முறையை ஒட்டித்தான் இருந்தது. அதற்குமேல் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

மறுவிற்பனையில் பெக்கருக்கே மதிப்பு அதிகம். கிரீடமும் நங்கூரமும் கொண்ட முத்திரை மட்டுமல்ல, பின்தகட்டில் வரிசை எண்ணும் இருப்பதால் எந்தக் காலத்தில் செய்தது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். ஆன்சோனியாவில் பொறித்திருக்கும் ஆண்டு பெரும்பாலும் காப்புரிமை பெற்ற ஆண்டு, செய்த ஆண்டு அல்ல. அந்த நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்துவந்து, நொடித்துப்போய், 1929-இல் அதன் இயந்திரங்கள் சோவியத் நாட்டுக்கு விற்கப்பட்டன. பழைய டயலில் காகிதம் பழுப்பேறியிருந்தாலும் மாற்றாதீர்கள். புதுக் காகிதம் ஒட்டிய டயலுக்குச் சேகரிப்பவர்கள் பாதி விலைகூடத் தர யோசிக்கிறார்கள்.

வாங்கப் போகும்போது டார்ச் எடுத்துச் செல்லுங்கள். சாவித் துளைகளின் நடுவில் அச்சு நிற்கிறதா, ஓரமாக ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இயந்திரம் பொருத்திய பலகையில் அடைத்த பழைய திருகாணித் துளைகள் இருந்தால், அது ஒரு பெட்டியும் வேறொரு கடிகாரத்தின் இயந்திரமும் சேர்ந்தது. டப்பா வைத்த கடிகாரமாக இருந்தால், டப்பாவைச் சுற்றிலும் ஒவ்வொரு பல்லாக வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஒட்டுப்போட்ட பல் நிறத்தில் காட்டிக்கொடுத்துவிடும். அத்தானின் பெக்கரில் அந்த மூன்று பற்கள் மட்டும் இன்றும் மற்றவற்றைவிட மஞ்சளாக இருக்கின்றன.