மிளகின் தட்டில் என்ன வைப்பது: 14 மாதம் வாங்கிப் பார்த்த தீனிப்பூச்சிகள்

லெப்பர்டு கெக்கோ என்ற பல்லியை வளர்க்கிறவர்கள் அன்றாடத் தீனிக்கு டூபியா கரப்பான் வாங்குங்கள். இடையிடையே பழுப்புச் சுவர்க்கோழியை மாற்றிக் கொடுங்கள். மாவுப் புழுவை மட்டுமே போட்டு வளர்க்காதீர்கள். இந்த மூன்றையும் யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் எங்கள் மிளகு இரண்டு மாதம் கஷ்டப்பட்டிருக்காது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மிளகு எங்கள் வீட்டுப் பெண் பல்லி. மஞ்சள் உடம்பு முழுக்க மிளகு தெளித்த மாதிரி கறுப்புப் புள்ளி. பெயரை மகள் வைத்தாள். நம் ஊர்ப் பல்லி மாதிரி இது சுவரில் ஏறாது, விரலில் அந்த ஒட்டும் மடிப்பு கிடையாது. கண்ணுக்கு இமை உண்டு, தூங்கும்போது மூடிக்கொள்ளும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பக்கத்து வறண்ட கல்லுமேடுகள்தான் இதன் பூர்வீகம். நாங்கள் இருப்பது லண்டனின் கிராய்டன் பகுதியில். வந்தபோது மிளகு 22 கிராம், இன்று காலை தராசில் 61 கிராம். காய், கீரை, பழம் எதையும் தொடாது. பூச்சி மட்டும்தான், அதுவும் நகர வேண்டும். 15, 20 வருடம் வாழக்கூடிய உயிர். அத்தனை வருடமும் நாம் வாங்கிப் போடுகிற பூச்சியை நம்பித்தான் இருக்கிறது.

எங்களுக்கு விற்றவர், "ஒரு கிண்ணத்தில் மாவுப் புழு போட்டு வையுங்கள், வேண்டும்போது தின்றுகொள்ளும்" என்றார். அப்படியே செய்தோம். டப்பா மலிவு. குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும், நாறாது, கத்தாது, தப்பி ஓடாது. இரண்டாவது மாதம் மிளகு தின்பதைக் குறைத்தது. நடக்கும்போது வயிற்றைத் தூக்காமல் இழுத்துக்கொண்டு போனது. ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் கொண்டு போனோம். அவர் சுண்டுவிரலால் அதன் கீழ்த்தாடையை மெல்லத் தொட்டுப் பார்த்துவிட்டு, எலும்பு இளகத் தொடங்கியிருக்கிறது என்றார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் போடுகிற புழு என்ன சாப்பிடுகிறது?"

எனக்குப் பேச்சே வரவில்லை. உடுமலைப்பேட்டைப் பக்கம் பட்டுப்புழு வளர்த்த வீட்டில் பிறந்தவன் நான். மழையில் நனைந்த மல்பெரித் தழையை அம்மா புழுவுக்குப் போடவே விடமாட்டார். கிளை கிளையாக உதறி, ஈரம் ஆறின பிறகுதான் தட்டுக்குப் போகும். "தழை எப்படியோ, பட்டுக்கூடும் அப்படித்தான் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே உதறுவார். அந்த வீட்டுப் பிள்ளைக்கு, கெக்கோவின் வயிற்றுக்குப் போவது புழு மட்டுமல்ல, புழுவின் வயிற்றில் இருப்பதும்தான் என்று தோன்றாமல் போனது.

மாவுப் புழு கெட்டது என்று சொல்ல வரவில்லை. அதில் கொழுப்பு 13 சதவீதம் அளவில், புரதமும் உண்டு. கால்சியம்தான் மிகக் குறைவு. பாஸ்பரஸ் அதைப் போல் பல மடங்கு. கெக்கோவின் எலும்புக்கு இது தலைகீழாக இருக்க வேண்டும், பாஸ்பரஸைப் போல் ஒன்றரை மடங்காவது கால்சியம் வேண்டும். பத்தாததற்கு, டப்பாவில் புழுவோடு வருவது வெறும் கோதுமைத் தவிடு. அதை மட்டும் தின்ற புழுவில் வேறென்ன இருக்கும்? இப்போது வாரம் ஒருமுறை ஐந்தாறு மாவுப் புழு போடுகிறேன், அதுவும் இரண்டு நாள் கேரட், கீரை தின்னவிட்ட பிறகு. தோல் உரித்து வெள்ளையாகக் கிடப்பவற்றைப் பொறுக்கிப் போட்டால் மிளகு விரும்பித் தின்கிறது.

அடுத்து சுவர்க்கோழி. சத்தில் குறை சொல்ல முடியாது; கொழுப்பு குறைவு, துள்ளுவதால் கெக்கோவுக்கு ஓட்டமும் கிடைக்கிறது. ஆனால் வீட்டில் வைத்துக்கொள்வது சிரமம். கறுப்பு வகையை ஒருமுறைதான் வாங்கினேன். வளர்ந்த ஆண்கள் ராத்திரி முழுக்கக் கத்தின, மகளுக்கு மறுநாள் தேர்வு. பழுப்பு வகை அவ்வளவு சத்தம் போடாது. முன்பெல்லாம் எல்லாரும் வாங்கியது வீட்டுச் சுவர்க்கோழி என்ற ஒரே இனம்தானாம். 2002 வாக்கில் ஒரு வைரஸ் ஐரோப்பியப் பண்ணைகளில் பரவி அந்த இனத்தைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது, 2009, 2010இல் வட அமெரிக்காவிலும் அதே கதை. அதன் பிறகுதான் பண்ணைக்காரர்கள் வேறு இனங்களுக்கு மாறினார்கள். டப்பாவில் இனத்தின் பெயரைப் படித்து வாங்குங்கள். இன்னொன்று, தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை ராத்திரி கூண்டில் விட்டுவைக்கக் கூடாது. பசித்தால் தூங்குகிற கெக்கோவையே கடிக்கும். மிளகின் வால் ஓரத்தில் ஒரு சிறு தழும்பு இருக்கிறது, அது என் கவனக்குறைவால் வந்தது.

வெட்டுக்கிளி இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அமெரிக்காவில் இதைப் பயிர்ப்பூச்சி என்று தீனிக்கு விற்க விடுவதில்லை. பிரிட்டனில் இதுதான் பலருக்கு அன்றாடத் தீனி. சுத்தமானது, நாற்றம் குறைவு, புல்லைப் போட்டால் ஆசையாகத் தின்னும். வயிறு நிறையப் பச்சை இருக்கும் என்பது உறுதி. எனக்கு ஒத்துவராததற்கு இரண்டு காரணம். ஒன்று விலை: டூபியாவும் ஒரு டப்பா கிட்டத்தட்ட அதே விலைதான், ஆனால் வெட்டுக்கிளி எண்ணிக்கையில் குறைவு. மற்றது, விட்டவுடனே கண்ணாடியில் ஏறி மேல் மூலையில் உட்கார்ந்துகொள்ளும். மிளகுக்கு ஏறத் தெரியாதே, கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். மரம் ஏறும் பல்லி வளர்க்கிறவர்களுக்கு வெட்டுக்கிளியைத் தாராளமாகச் சொல்வேன்.

இனி டூபியா. கரப்பான் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். இது நம் சமையலறைக் கரப்பான் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இனம். வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏற முடியாது. பெண்ணுக்குச் சிறகு கட்டைச் சிறகு, ஆணுக்கு முழுச் சிறகு இருந்தும் பறக்காது. பெருகுவதற்கு 30 டிகிரி பக்கம் சூடு வேண்டும் என்பதால், ஒன்றிரண்டு தப்பினாலும் கிராய்டன் குளிரில் வீட்டுக்குள் குடும்பம் நடத்தாது. கத்தாது. மூடியைத் திறந்தால் லேசான மண் வாசனை, அவ்வளவுதான். மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால் வாங்கிய காசு வீணாவதில்லை. பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் முட்டை அட்டையை நிமிர்த்தி வைத்து, ஒரு மூலையில் கேரட், ஆரஞ்சுத் துண்டு, பரங்கிக்காய்த் தோல், கீரைக்காம்பு போடுகிறேன். காலையில் பார்த்தால் கேரட்டில் தோல் மட்டும் மிச்சம். இந்தத் தின்னும் வேகம்தான் எனக்குப் பிடித்தது. இன்று நான் போடுகிற கீரை நாளை மிளகுக்குப் போகிறது.

குறை உண்டு. தரையில் விட்டதும் செத்தது போல அசையாமல் கிடக்கும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் புகுந்துவிடும். நகராததை மிளகு தின்னாது. அதனால் வழுக்கும் உட்சுவர் உள்ள கிண்ணத்தில் போடுகிறேன், இல்லாவிட்டால் இடுக்கியால் பிடித்து லேசாக ஆட்டிக் காட்டுகிறேன். அளவு முக்கியம்: கெக்கோவின் இரண்டு கண்ணுக்கு நடுவே இருக்கிற அகலத்தைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். வளர்ந்த டூபியா மிளகுக்கு ரொம்பப் பெரிது, சிறிய பருவத்தைத்தான் வாங்குகிறேன்.

அதன் வேட்டையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சாயங்காலம் ஏழு மணி வாக்கில் சூடான கல்லுக்கு அடியிலிருந்து தலை வெளியே வரும். பூச்சியைக் கண்டதும் உடம்பு உறைந்துவிடும், வால் நுனி மட்டும் துடிக்கும். அப்படியே ஐந்தாறு வினாடி. பிறகு ஒரே பாய்ச்சல். விழுங்கிய பிறகு நாக்கால் உதட்டை இரண்டு பக்கமும் வழித்துவிட்டுக் கண்ணை மெதுவாக மூடித் திறக்கும். "அப்பா, இது கண்ணு சிமிட்டுது பாருங்க" என்று மகள் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வாள்.

மெழுகுப் புழுவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. இதில் கொழுப்பு கிட்டத்தட்ட கால் பங்கு. கெக்கோவுக்கு அது அல்வா. தொடர்ந்து நான்கு நாள் கொடுத்தேன், ஐந்தாவது நாள் டூபியாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. பழைய தீனிக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆனது. நோயில் இளைத்த பல்லியைத் தேற்றக் கொடுக்கலாம், மற்றபடி மாதத்துக்கு இரண்டு போதும். மாவுப் புழுவைப் போலவே இருந்தாலும் அதைவிடப் பெரிதான மோரியோ புழுவும் கொழுப்புக் கூடியதுதான்; குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் செத்துவிடும், வெளியேதான் வைக்க வேண்டும். கால்சி புழு என்று விற்பது ஒரு வகைப் படை ஈயின் புழு. தீனிப்புழுக்களில் இயல்பாகவே கால்சியம் நிறைந்தது இது ஒன்றுதான். சிறியது, தோல் தடித்தது. மிளகு சில நாள் தின்னும், சில நாள் சீந்தாது.

எதைக் கொடுத்தாலும் கால்சியத் தூள் தூவிக் கொடுக்க வேண்டும். பழைய தயிர் டப்பாவில் ஐந்து பூச்சி, ஒரு சிட்டிகை தூள், மூடி இரண்டு குலுக்கு. விபூதி பூசின மாதிரி வெளுத்து வரும். வைட்டமின் டி3 சேர்ந்த தூள், சேராத தூள் இரண்டும் வைத்திருக்கிறேன். எதை எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பது உங்களிடம் யூ.வி.பி. என்ற புற ஊதாக் கதிர் விளக்கு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்புக்குப் போதிய சூடு இல்லாவிட்டால் எந்தப் பூச்சியும் சரியாகச் செரிக்காது, கூண்டின் ஒரு பக்கம் 32 டிகிரி இருக்கட்டும். தோட்டத்துப் பூச்சியைப் பிடித்துப் போடவே வேண்டாம். யார் வீட்டு மருந்து எதில் இருக்குமோ. மின்மினியோ பல்லிகளுக்குக் கொடிய நஞ்சு.

வாங்குகிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜனவரியில் ஒரு இணையக் கடையில் நான்கு டப்பா சுவர்க்கோழி வரவழைத்தேன். வெள்ளிக்கிழமை அனுப்பினார்கள், திங்கட்கிழமை வந்தது. அத்தனையும் செத்து, ஈரத்தில் நசநசத்துக் கிடந்தன. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், ஆனால் அந்த உயிர்கள் போனது போனதுதான். அதிலிருந்து திங்கள், செவ்வாய் அனுப்புகிறவர்களிடம் மட்டும் வாங்குகிறேன். கடையில் நேரில் வாங்கினால் டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: உள்ளே நீர் கோத்திருந்தால், அடியில் கால்கள் உதிர்ந்து கிடந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாகப் பட்டுப்புழு. மென்மையான உடம்பு, கொழுப்பு மிகக் குறைவு, 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தண்ணீர் சரியாகக் குடிக்காத கெக்கோவுக்கு இதைவிட நல்லது இல்லை. விலைதான் கூடுதல், எப்போதும் கிடைக்கவும் செய்யாது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் 1600களின் தொடக்கத்தில் பட்டு நெசவுக்காக இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கில் மல்பெரி நடச்சொன்னாராம். வைத்ததோ கறுப்பு மல்பெரி, புழு விரும்புவது வெள்ளை மல்பெரித் தழை. இன்று கடையில் புழுவோடு தருவது மல்பெரி இலைத்தூளைக் குழைத்த பசை.

அம்மாவிடம் சொல்லத் தயக்கமாக இருந்தது. வீடியோவில் காட்டினேன். "பட்டுப்புழுவைப் பல்லிக்கா கண்ணு போடறே?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "டப்பாவை இன்னும் கிட்டக் காட்டு. கையை நல்லாத் துடைச்சுக்கோ, ஈரம் படக்கூடாது" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்தில் ஒன்று தின்னாமல் தலையைத் தூக்கியபடி அசையாமல் நின்றது. "அது தோல் உரிக்கப் போகுது. இன்னிக்கு அதை எடுக்காதே."

அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன்.