மூக்கடைப்புக்கு ஸ்டீராய்டு ஸ்பிரேயா, சொட்டு மருந்தா?

மொரீஷியஸில் போர்ட் லூயி வெயிலிலிருந்து கியூர்பிப் குளிருக்கு ஏறி வந்ததும் எனக்கு மூக்கு அடைத்துக்கொள்ளும். காவடி நாளில் சாம்பிராணிப் புகை பட்டாலோ ஒழுக ஆரம்பித்துவிடும். அலர்ஜி பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. அலர்ஜி இல்லாமலே வரும் நாள்பட்ட மூக்கழற்சி என்றார் டாக்டர்.

வேகத்தில் சொட்டு மருந்தை எதுவும் மிஞ்ச முடியாது. சைலோமெட்டாசோலினோ ஆக்சிமெட்டாசோலினோ, வீங்கிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் மூச்சைத் திறந்துவிடும். சாதாரணச் சளிக்கு அது போதும்.

நம் தொல்லை நாலு நாளில் போகிறதில்லையே. மாதக்கணக்கில் போடக்கூடிய மருந்து எது என்பதுதான் கேள்வி. சொட்டு மருந்தை விடாமல் போட்டு வந்தால், அதன் வேகம் இறங்கியதும் மூக்கு முன்னைவிட மோசமாக அடைக்கும். அதைத் திறக்க மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்பது இதனால்தான். ஸ்டீராய்டு ஸ்பிரேயில் இந்தச் சுழல் கிடையாது. வழக்கமான அளவில் உடம்புக்குள் சேர்வதும் மிகக் குறைவு. நான் அதன் பக்கம் சாய்ந்ததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பொறுமை மட்டும் வேண்டும். நான் போடுவது ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே. ஒரு அழுத்தலுக்கு 50 மைக்ரோகிராம். பெரியவர்களுக்கு வழக்கமாக ஒவ்வொரு துளையிலும் இரண்டு, ஆக நாளைக்கு 200. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். போடும் விதத்திலும் கவனம் வேண்டும். முதலில் உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது துளைக்கு இடது கையாலும் இடது துளைக்கு வலது கையாலும், நுனியை அந்தந்தப் பக்கத்துக் கண்ணை நோக்கிச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டுக்கொண்டே இருந்தால் புண்ணாகி ரத்தம் வரும். அடித்ததும் பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்லமாட்டேன். அலர்ஜி உள்ளவர்களுக்கு இதன் பலன் நன்றாக நிரூபணமானது. நம் வகைக்குச் சான்று உறுதியாக இல்லை என்றே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2019இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. எனக்கு அடைப்பு நன்றாகக் குறைந்தது, சாம்பிராணி ஒழுக்கு அவ்வளவாகக் குறையவில்லை.

அசெலாஸ்டின் என்ற ஆன்டிஹிஸ்டமின் (அலர்ஜி எதிர்ப்பு) ஸ்பிரே சீக்கிரம் வேலை செய்யும். ஆனால் வாய் கசக்கும், சிலருக்குத் தூக்கம் வரும். நான் கொஞ்ச நாள்தான் போட்டேன், அதனால் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஒழுகுவது மட்டுமே தொல்லை என்றால் ஒழுக்கைக் குறைக்கும் இப்ராட்ரோபியம் ஸ்பிரே பற்றி டாக்டரிடம் கேளுங்கள்; அது அடைப்பை எடுக்காது. கண்ணில் க்ளாக்கோமாவோ (கண் அழுத்த நோய்) புரையோ இருந்தால், ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுங்கள்.