பச்சோந்திக் குட்டி வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இன்ஸ்டாகிராமில் பார்த்துப் பச்சோந்திக் குட்டி வாங்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 'வெய்ல்டு கமீலியன் (வெளிநாட்டுப் பச்சோந்தி வகை), மூன்று மாதக் குட்டி, நன்றாகத் தின்னும், பேப்பர் (சட்டப்படியான ஆவணம்) உண்டு' என்று படம் போட்டு, பணம் வந்ததும் ஆம்னி பஸ்ஸில் பார்சல் போட்டுவிடுகிற ஒரு ஆளிடம் என் தம்பி ஏமாந்துவிட்டான். குட்டிக்கு மூன்று மாதமும் ஆகவில்லை, அது தின்னவும் இல்லை, பேப்பரும் வரவில்லை. அது இரை எடுக்காமல் கிடக்கிறது என்று நாங்கள் போன் செய்தபோதெல்லாம் அந்த ஆள் இன்னொரு பொருளை எங்கள் தலையில் கட்டினார். எனக்கு ஆத்திரம் தீராதது அதில்தான்.

பார்சலைப் பிரித்தால், ஸ்வீட் பாக்ஸில் ஆணியால் ஓட்டை போட்டு, அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்திருந்தது. ஒரு குச்சிகூட இல்லை பிடித்துக்கொள்ள. தலையிலிருந்து வால் நுனிவரை என் நடுவிரல் நீளம்தான் இருந்தது அந்தக் குட்டி. முட்டையிலிருந்து வெளிவரும்போதே இந்த வகை ஏறக்குறைய அந்த அளவு இருக்கும் என்று பின்னால் மருத்துவர் சொன்னார். ஒழுங்காக இனப்பெருக்கம் செய்கிறவர்கள் இரண்டு மூன்று மாதம் தங்களிடமே வைத்து, தானாக வேட்டையாடித் தின்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். இந்த ஆளுக்கு அந்தத் தீனிச் செலவு மிச்சம்.

'செட்' என்று சொல்லி அவர் கூடவே விற்றவை: ஒரு கண்ணாடித் தொட்டி, ஒரு 'யூவிபி' பல்பு (வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரைத் தருவது), தீனிக்கு ஒரு டப்பா சுவர்க்கோழிப் பூச்சி. எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம். சுவர்க்கோழி ஒவ்வொன்றும் குட்டியின் தலை அளவு. குட்டிப் பச்சோந்திக்குப் போடும் பூச்சி, அதன் இரண்டு கண்ணுக்கும் இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. பெரிய சுவர்க்கோழியை உள்ளேயே விட்டுவைத்தால் ராத்திரியில் அதுதான் குட்டியைக் கடிக்கும். விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்குமா?

தின்னவில்லை என்று போன் செய்தான் தம்பி. "ப்ரோ, ஊர் மாறியிருக்குல்ல, செட்டாக ரெண்டு வாரம் ஆகும், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். வளர்ந்த பச்சோந்தி சில நாள் இரை எடுக்காமல் இருந்தால் தாங்கும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை தின்ன வேண்டிய குட்டி தாங்காது. இரண்டு வாரம் காத்திருக்கச் சொல்வது அதைச் சாகக் கொடுப்பதுதான்.

அப்புறம் 'பசி மருந்து' வந்தது. லேபிளே இல்லாத சின்னக் குப்பி, 650 ரூபாய். வாயைத் திறந்து ஊற்றச் சொன்னார். நல்லவேளை, ஊற்றும் முன்பே மருத்துவரிடம் காட்டினோம். பச்சோந்தியின் மூச்சுக்குழல் வாய்க்குள் முன்பக்கமாகவே திறக்கிறது. தெரியாதவர்கள் ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும் என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத விட்டமினும் ஆபத்துதான். விட்டமின் ஏ, டி இரண்டும் அளவு மீறினால் உடம்பிலேயே தங்கி நஞ்சாகும்.

அந்த பல்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். அட்டைப் பெட்டியில் 'யூவிபி 5.0' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்ததால் ஈரக் கையால் தேய்த்தேன். உரிந்து வந்தது. அடியில் மீன் தொட்டிப் படமும், நீல விளக்கு என்ற அச்சும். அலங்கார விளக்கை மூன்று மடங்கு விலைக்கு விற்றிருக்கிறார். யூவிபி கதிர் பட்டால்தான் பச்சோந்தியின் உடம்பில் விட்டமின் டி3 உண்டாகும், தின்பதில் உள்ள கால்சியம் எலும்பில் சேரும். அது இல்லாவிட்டால் கால் வளையும், தாடை ரப்பராகும், நாக்கை வீசி இரை பிடிக்கும் தசைக்குக்கூடச் சக்தி இருக்காது. பூச்சியைப் பார்க்கும், வாயைத் திறக்கும், நாக்கு வராது. எங்கள் குட்டி அப்படித்தான் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பது கொடுமை. பசி இல்லாமல் இல்லை அதற்கு.

கண்ணாடித் தொட்டி இன்னொரு கொடுமை. காற்று ஓடாது. தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்துக் குட்டி மிரளும். வெயிலில் வைத்தாலும் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும், சூட்டை மட்டும் உள்ளே பிடித்துவைக்கும். குட்டி வெயில் காயும் இடத்தில் 29, 30 டிகிரி போதும். சித்திரையில் நம் ஊரில் நிழலே அதைத் தாண்டிவிடும். அதற்கு மேலே இரவும் பகலும் ஒரு சூட்டு பல்பையும் போடச் சொன்னார் அந்த மனிதர். "வாயைப் பொளந்துக்கிட்டு கெடக்கேடா, வெக்கையில தவிக்குதுடா அது" என்று அப்பத்தா சத்தம் போட்ட பிறகுதான் தம்பி பல்பை அணைத்தான்.

தண்ணீர் விஷயத்தில் அவர் சொன்னது சுத்தப் பொய். 'கிண்ணத்தில் வையுங்கள், குடிக்கும்' என்றார். பச்சோந்தி பெரும்பாலும் தேங்கிய தண்ணீரைக் கண்டுகொள்ளாது. இலையில் உருளும் சொட்டைத்தான் நக்கும். கோபுரம் போலத் துருத்தி நிற்க வேண்டிய கண் இரண்டும் குழி விழுந்திருந்தன, எச்சத்தில் வெள்ளையாக இருக்க வேண்டிய பகுதி ஆரஞ்சு நிறம். இரண்டுமே உடம்பில் நீர் வற்றியதற்கான அடையாளம். நீர் வற்றிய குட்டி இரை எடுக்காது. தின்னவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எங்கள் பக்கத்தில் ஆடு மாடு பார்க்கும் மருத்துவர்கள்தான் அதிகம். விசாரித்து, தஞ்சாவூர்ப் பக்கம் ஊர்வன பார்க்கும் ஒருவரிடம் போனோம். எச்சத்தைச் சோதித்துக் குடல் ஒட்டுண்ணி இல்லை என்று உறுதி செய்தார், கால்சியம் கொடுத்தார், கூண்டை மாற்றச் சொன்னார். ஆசாரியிடம் சட்டம் செய்து நான்கு பக்கமும் நெட்லான் வலை அடித்தோம். உள்ளே ஒரு செம்பருத்தித் தொட்டி. அரளி பக்கத்திலேயே வரக் கூடாது, அது விஷம். மெடிக்கலில் குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப் வாங்கி, மேலே தண்ணீர் பாட்டிலில் செருகி, இலைமேல் சொட்டுச் சொட்டாக விழும்படி வைத்தோம். வெகுநேரம் அசையவே இல்லை. அப்புறம் ஒரு கண் மட்டும் மெல்லத் திரும்பிச் சொட்டைப் பார்த்தது. ஒரு கால் முன்னே வந்தது. குடிக்க ஆரம்பித்தது நிறுத்தவே இல்லை. காலை இளவெயிலில் கூண்டை முற்றத்தில் வைக்கிறோம், பாதி நிழல் இருக்கும்படி. சின்னச் சுவர்க்கோழிகளைக் கால்சியம் தூளில் புரட்டிப் போட்டால் இப்போது தானாகப் பிடிக்கிறது. முன்னங்கால் ஒன்று வளைந்தது வளைந்ததுதான், நேராகாது என்கிறார் மருத்துவர்.

வீட்டுக் கரப்பானையும் வயல் வெட்டுக்கிளியையும் பிடித்துப் போடச் சொன்னார் விற்ற ஆள், அதையும் நம்பாதீர்கள். கடலைக் கொல்லையில் அடித்த மருந்து அந்தப் பூச்சி வழியாகக் குட்டிக்குப் போகும்.

பேப்பர் என்று வாட்ஸ்அப்பில் வந்தது யாரோ ஒருவர் பேரில் இருந்த மங்கலான நகல். அதில் இருந்தது கிளி. இந்த வகைப் பச்சோந்தி ஏமன், சவூதி அரேபியாவைச் சேர்ந்தது, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது. 2024-ல் வந்த விதிகள்படி, இப்படிப்பட்ட உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்றவர் ஒழுங்கான ஆவணம் தராவிட்டால் மாட்டுவது வாங்கியவர்தான். நம் காட்டுப் பச்சோந்தி என்றால் பேச்சே இல்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். எங்கள் நிலைமையை வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம், பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் எங்களை பிளாக் செய்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறோம். போன வாரம் வேறு பேரில் அதே படத்தை, அதே 'மூன்று மாதக் குட்டி' வாசகத்தோடு பார்த்தேன். யாரிடம் கேட்டாலும், அன்றைய தேதியை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்து, குட்டி தானாகப் பூச்சி பிடித்துத் தின்னும் வீடியோவைக் கேளுங்கள். ஆவணத்தை முதலில் கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் பணம் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பஸ் பார்சல் ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், பேசிய மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம், புகாருக்கு அவைதான் ஆதாரம்.