திரை ஒரு இடம், விலை ஒரு இடம்: லாஸ் வேகஸ் ஸ்போர்ட்ஸ்புக்குகள்

உலகிலேயே பெரிய ஸ்போர்ட்ஸ்புக் (விளையாட்டுகளைத் திரையில் பார்த்தபடி பந்தயம் கட்டும் கூடம்) எது என்று லாஸ் வேகஸில் கேட்டால் இரண்டு பேர் கை தூக்குவார்கள். வெஸ்ட்கேட் ஓட்டலின் சூப்பர்புக் ஒன்று, ஃப்ரீமாண்ட் தெருவின் சர்க்கா ஓட்டல் இன்னொன்று. முதலாமவர் 30,000 சதுர அடியைக் காட்டுவார். இரண்டாமவர் மூன்று அடுக்கு அரங்கைக் காட்டுவார். அந்த வழக்கை அவர்களே பேசித் தீர்க்கட்டும். ஆட்டம் பார்க்க எது வசதி, பந்தயம் கட்ட எது லாபம் என்பவை வேறுவேறு கேள்விகள். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்தான் திரையின் அழகில் மயங்கிப் பணத்தைக் கோட்டை விடுகிறார்.

பார்ப்பதற்கு மட்டும் என்றால் என் ஓட்டு சர்க்காவுக்கு. 2020 அக்டோபரில் திறந்த இடம். தரையிலிருந்து மேல்தளம் வரை எழும் ஒரே பெரிய திரை; எந்த அடுக்கில் உட்கார்ந்தாலும் கழுத்து வலிக்காது. மாடியில் ஆறு நீச்சல் குளங்கள், அவற்றுக்கு எதிரே இன்னொரு ராட்சதத் திரை. இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி கால்பந்து பார்க்கலாம். ஆனால் குடும்பத்தோடு வருபவர்கள் கவனிக்க வேண்டும்: ஓட்டல் முழுவதுமே 21 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். சத்தமும் அதிகம். கொண்டாட வருபவர்களுக்கு அது பிடிக்கும், கணக்குப் போட வருபவர்களுக்குப் பிடிக்காது.

வெஸ்ட்கேட்டின் குணம் நேர் எதிர். எல்விஸ் பிரெஸ்லி வருடக்கணக்கில் மேடையேறிய அதே கட்டடம்தான்; அன்று பெயர் வேறு. சூப்பர்புக் 1986-லிருந்து இருக்கிறது. 220 அடி நீளத் திரைச் சுவர், ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள். காகிதத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காரும் ஆட்களை இங்கேதான் பார்க்கலாம். அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் வந்தால் யார் முதல் புள்ளி எடுப்பார் என்பது முதல் நூற்றுக்கணக்கான தனிப் பந்தயங்களை அச்சடித்துக் கொடுப்பதில் இவர்களுக்குப் பெயர் உண்டு. சூதாட்ட விடுதிகள் வரிசையாக நிற்கும் முக்கியச் சாலையான ஸ்ட்ரிப்பிலிருந்து தள்ளி இருப்பது ஒரு குறை. மோனோரெயில் வாசலிலேயே நிற்பதால் பெரிய குறை அல்ல.

சீசர்ஸ் பேலஸ் மூன்றாவது. ஸ்ட்ரிப்பின் நட்டநடுவில் இருப்பதுதான் அதன் பலம். இறங்கி நடந்தால் போதும்.

இனி விலைக்கு வருவோம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை. விலை காட்டும் பலகையில் −110 என்று இருந்தால், 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். அப்படிப் பத்துப் பந்தயம் கட்டி, ஐந்தில் வென்று ஐந்தில் தோற்றால் கையில் 50 டாலர் குறையும். அதே பத்தும் −120 விலையில் என்றால் 100 டாலர் போகும். −105 விலையில் 25 டாலர்தான். அதாவது −110-ல் கைநஷ்டம் இல்லாமல் தப்பிக்கவே 52.4 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும், −120-ல் 54.5 சதவீதம். அந்த இரண்டு சதவீத இடைவெளியைத் தாண்டும் திறமை பெரும்பாலானவர்களிடம் கிடையாது. (என்னிடமும் கிடையாது.)

பார்லே இன்னும் மோசம். மூன்று அணிகளைச் சேர்த்துக் கட்டும் சீட்டு அது, மூன்றும் வென்றால்தான் பணம்; அதற்கு ஒன்றுக்கு ஆறு என்று கொடுப்பார்கள். மூன்றும் சரிபாதி வாய்ப்பு என்றால் நியாயமான விலை ஒன்றுக்கு ஏழு. கவுண்டரில் சிரித்த முகத்தோடு பார்லே சீட்டை நீட்டுகிறார்களே, அது சும்மா இல்லை.

அப்படியானால் நாலு இடம் ஏறி இறங்கி விலை பார்க்கலாமே என்று தோன்றும். பார்க்கலாம், ஆனால் சீசர்ஸிலிருந்து எதிரே ஃபிளமிங்கோவுக்கும் அங்கிருந்து பாரிஸுக்கும் நடப்பது வெறும் உடற்பயிற்சி. மூன்றும் ஒரே நிறுவனம், ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள். பெல்லாஜியோவும் ஆரியாவும் அப்படித்தான், அவை எம்ஜிஎம் என்ற இன்னொரு நிறுவனத்தின் வீடு. முதலாளி மாறினால்தான் பலகை மாறும். சர்க்காவும் வெஸ்ட்கேட்டும் தனித்தனி முதலாளிகளுடையவை. விலை ஒப்பிட அந்த இரண்டையும் சீசர்ஸ், எம்ஜிஎம் இரண்டில் ஒன்றையும் வைத்துக்கொண்டால் போதும். அமெரிக்கக் கால்பந்தில் 3 புள்ளி வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் ஏராளம் என்பதால், ஓரிடத்தில் −3 (நீங்கள் கட்டிய அணி 3 புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் வென்றால்தான் பணம், சரியாக 3 என்றால் கட்டியது திரும்பும்), இன்னோரிடத்தில் −3.5 (சரியாக 3 என்றால் தோல்வி) என்று இருந்தால் அந்த அரைப் புள்ளிக்காக டாக்சி பிடித்தாலும் தகும். பத்து டாலர் பந்தயத்துக்கு மட்டும் தகாது!

செல்பேசிச் செயலியில் கட்டலாம் என்று நினைத்தால், லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் கணக்கு தொடங்க நேரில் போய் அடையாள அட்டை காட்ட வேண்டும். வந்த முதல் நாளே அந்த வேலையை முடித்துவிடுங்கள். ஆட்ட நாளில் வரிசை நகராது.

இருக்கை விஷயமும் உண்டு. சாதாரண நாளில் எங்கும் இடம் கிடைக்கும். பெரிய ஆட்டம் என்றால் முன்பதிவு, அதோடு இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் வரும். இலவச பானத்துக்கான சீட்டு எவ்வளவு கட்டினால் தருவார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். கவுண்டரில் கேட்டுவிடுவது நல்லது. அந்த ஒரு பானத்துக்காகப் பந்தயத் தொகையை ஏற்றினால் அதுதான் ஊரிலேயே விலை அதிகமான பானம்.

நான் போனால், காலையில் இரண்டு பலகைகளைப் பார்த்து நல்ல விலையில் கட்டிவிட்டு, மாலையில் சர்க்காவில் உட்காருவேன். சீட்டு வேறு இடத்துடையதாக இருந்தால் என்ன, திரைக்கு அது தெரியவா போகிறது? வென்ற சீட்டின் பின்புறத்தில் பணம் வாங்கக் கடைசி நாளும், தபாலில் அனுப்பும் முறையும் அச்சாகியிருக்கும். ஊருக்குத் திரும்பும் விமானம் ஏறுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.